சிறிய டர்போ எஞ்சின்: ஒயிலிலும் தண்ணீரிலும் நேரும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கார் வாங்குவோர் பலர் ரொயோட்டா ரைஸின் டர்போ எஞ்சின் 996 சிசி என்று கேட்டதுமே, பழைய ரொயோட்டா விற்ஸைப் போல இதையும் பராமரித்தால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர் இந்த எண்ணமே. விற்ஸின் 1கேஆர்-எஃப்ஈ எஞ்சின் தந்தது சுமார் 70 குதிரைவலு. அதே கொள்ளளவும் அதே மூன்று சிலிண்டர்களும் கொண்ட ரைஸின் 1கேஆர்-விஈரீ எஞ்சினோ, வெளியேறும் புகையின் விசையால் சுழன்று கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தும் டர்போவின் உதவியால், 98 குதிரைவலுவையும், நிமிடத்துக்கு 2,400 சுழற்சியிலேயே 140 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசையையும் தருகிறது. இந்த மேலதிக வலுவோடு மேலதிக வெப்பமும் வருகிறது. அதைத் தாங்கவேண்டியவை ஒயிலும் தண்ணீருமே.

ஆகவே ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவதே மிகப் பெரிய தவறு. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவைகள் சுழல்வது மெல்லிய ஒயில் படலமொன்றின் மீதுதான். நல்லூருக்கும் பஸ் நிலையத்துக்கும் இடையிலான சிறு ஓட்டங்களில் எஞ்சின் முழுமையாகச் சூடேறாததால், எரியாத பெற்றோல் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. எனவே ஓடிய தூரம் குறைவாக இருந்தாலும் 6 மாதத்துக்கு ஒருமுறையோ 5,000 கிலோமீற்றரிலோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுவதே என் பரிந்துரை. 988 சிசி டர்போ ஹொண்டா சிவிக் வைத்திருப்போருக்கு இது இன்னும் முக்கியம். அதன் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் ரைமிங் பெல்ற் ஒயிலுக்குள்ளேயே ஓடுவதால், கெட்டுப்போன அல்லது பொருந்தாத ஒயில் பெல்ற்றையே சிதைக்கும். உதிரும் துகள்கள் ஒயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். ரைஸில் பெல்ற்றுக்குப் பதிலாக இருப்பது சங்கிலி. ஆனால் அழுக்கு ஒயில் அதையும் தேய்க்கும்.

ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கென அமைக்கப்பட்ட ரைஸுக்கு ஒக்டேன் 92 போதுமானது. வலு கூடும் என்று நம்பி 95க்குச் செலவிட வேண்டியதில்லை. ஏ9 வீதியில் வேகமாக வந்து நின்றவுடன் எஞ்சினை நிறுத்தாமல், கடைசிச் சில கிலோமீற்றர்களை நிதானமாக ஓட்டுவது டர்போவுக்குள் ஒயில் கருகிப் படிவதைக் குறைக்கும்.

நம் ஊருக்கே உரிய தவறு, ரேடியேற்றரில் கிணற்று நீரை ஊற்றுவது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது. கரையோரங்களில் உப்பும் சேர்ந்தது. சூட்டில் அந்தச் சுண்ணாம்பு எஞ்சினின் ஒடுங்கிய நீர்வழிகளில் படிய, உப்பு அலுமினியத்தை அரிக்கும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால், எஞ்சின் ஆறிய பின் முழுவதையும் வடித்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, காரின் கையேடு குறிப்பிடும் கூலன்றை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை) நிரப்புங்கள்.