டிவிஆரில் திறந்து கிடக்கும் 34567: ‘தனலட்சுமி’யை மூடுவது எப்படி

கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு கடையின் வலையமைப்பை என்மேப் என்ற சோதனைக் கருவியால் தேடினால், கமெராப் படங்களைப் பதியும் பெட்டியான டிவிஆரின் முகவரிக்கு நேரே ‘34567, ஓபன், தனலட்சுமி’ என்று வரக்கூடும். வைரஸ் என்று பயப்பட வேண்டாம். 34567 என்பது ஒரு போர்ட், அதாவது கருவிக்குள் ஒரு சேவைக்குப் போகும் கதவின் எண். 1024 முதல் 49151 வரையான போர்ட்டுகளுக்கு, இணைய எண்களை நிர்வகிக்கும் ஐயானா ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதில் 34567 அந்தப் பெயருள்ள ஓர் ஈடிஐ (மின்னணு வணிக ஆவணப் பரிமாற்ற) சேவைக்குப் பதிவாகியிருக்கிறது. என்மேப் எண்ணைப் பார்த்துப் பதிவேட்டுப் பெயரை ஒப்புவிக்கிறது, அவ்வளவுதான். பெட்டிக்குள் ஓடுவது பெரும்பாலும் ஷியோங்மாய் என்ற சீன நிறுவனத்தின் போர்டுகள் பேசும் டிவிஆர்ஐபி என்ற நெறிமுறை. மேலே எந்த பிராண்ட் ஸ்டிக்கர் இருந்தாலும், பார்ப்பதற்கு எக்ஸ்எம்ஐ ஆப் கேட்டால் உள்ளே இதுதான்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இந்தப் பெட்டிகள் பல ‘அட்மின்’ பயனருக்குக் கடவுச்சொல்லே இல்லாமல் வந்தவை. 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படிப்பட்ட டிவிஆர்களையும் கமெராக்களையும்தான் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. அட்மினுக்குக் கடவுச்சொல் போட்டாலும் போதாது: ‘டிஃபால்ட்’ என்று ஆவணத்தில் இல்லாத இன்னொரு பயனர் இருப்பது 2018இல் வெளிவந்தது. அதன் கடவுச்சொல் அதே சொல்லின் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாக எழுதியது! ஆகவே பூட்டு ரவுட்டரில் இருக்க வேண்டும்.

முதலில் வெளியிலிருந்து பாருங்கள். கடை வைஃபையில் இருந்துகொண்டு சோதித்தால் 34567 எப்போதும் திறந்தே தெரியும். அதனால் ஒன்றும் விளங்காது. ரவுட்டரின் வான் முகவரியை (இணையப் பக்கத்து முகவரியை) குறித்துக்கொண்டு, மடிகணினியைப் போனின் மொபைல் டேட்டாவில் இணைத்து, அந்த முகவரியின் 34567, 34599, 80, 554, 23 ஆகிய போர்ட்டுகளை என்மேப்பால் தேடுங்கள். உங்கள் சொந்த இணைப்பை மட்டும். வான் முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சீஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளிமுகவரியைப் பகிர்கிறீர்கள். வெளியிலிருந்து நேரே வர வழியில்லை.

திறந்திருந்தால் ரவுட்டரில் போர்ட் ஃபோர்வர்டிங் பதிவை, அதாவது வெளியிலிருந்து வருவதை டிவிஆருக்குத் திருப்பிவிடும் விதியை, அழியுங்கள். எல்லாப் போர்ட்டுகளையும் ஒரே கருவிக்குத் திறந்துவிடும் டிஎம்ஸெட்டையும் பாருங்கள்: வேலை சீக்கிரம் முடியட்டும் என்று டிவிஆரை முழுதாக அங்கே போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பிறகு, கருவிகள் தாமே ரவுட்டரில் போர்ட் திறக்க விடும் யூபிஎன்பியை ரவுட்டரிலும் டிவிஆரின் நெட்சேர்விஸ் மெனுவிலும் நிறுத்துங்கள். ரவுட்டரில் அது ஓடிக்கொண்டிருந்தால், கரண்ட் போய் வந்ததும் டிவிஆர் தானே கதவைத் திறந்துகொள்ளும். எண்ணை 34568 என்று மாற்றுவது பாதுகாப்பு அல்ல. எல்லா எண்களையும் தேடுகிறவனுக்கு அது ஒரு தடையே இல்லை.

எல்லாம் மூடியும் ஆப்பில் படம் வருகிறதா? அது கிளவுட் வழி. டிவிஆரே வெளியே போய் இணைகிறது. அந்த வழியிலும் 2018இல் ஓட்டைகள் சொல்லப்பட்டதால், நெட்சேர்விஸில் கிளவுடையும் நிறுத்திவிடுவதே நல்லது.

வீட்டிலிருந்து கடையைப் பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் (இணையத்தினூடே மறைகுறியிட்ட தனி வழி) போடுங்கள். ரவுட்டரில் வயர்கார்ட் என்ற விபிஎன் இருந்தால் யூடிபி போர்ட் 51820 ஒன்றைத் திறந்தால் போதும். சீஜிநாட் என்றால், எப்போதும் ஓடும் ஒரு ராஸ்பெரி பை சிறுகணினியில் போர்ட் திறக்காமலே இணையும் விபிஎன்னான டெயில்ஸ்கேல் போட்டு, கடையின் உள்வலையை சப்நெட் ரூட்டாக (அதன் வழியே போகும் பாதையாக) அறிவியுங்கள்.

இன்னும் இறுக்க விரும்பினால், டிவிஆரில் தானே முகவரி வாங்கும் டிஎச்சிபியை நிறுத்தி நிலையான முகவரி கொடுத்து, கேட்வேயாக (வெளியே போகும் வாசலாக) யாரும் பயன்படுத்தாத ஒரு முகவரியை எழுதுங்கள். 192.168.1.250 போல. உள்வலையில் படம் வரும், வெளியே போக வழியிராது. டெயில்ஸ்கேல் சப்நெட் ரூட் வழியாகவும் வேலை செய்யும், ஏனெனில் அது ராஸ்பெரி பையின் உள்முகவரியிலிருந்தே டிவிஆருடன் பேசுகிறது. சில ரவுட்டர் விபிஎன்கள் அப்படிச் செய்யாது. அப்போது படம் நின்றுவிடும்.

இதற்கு விலை ஒன்று உண்டு: இணையத்திலிருந்து நேரம் வாங்கும் என்டிபி கிடைக்காததால் கடிகாரம் மெல்ல நகரும். மாதம் ஒருமுறை போனைப் பார்த்து நேரத்தைத் திருத்துங்கள். களவு நடந்து பொலிஸ் பதிவைக் கேட்கும்போது பத்து நிமிடம் பிந்தியிருந்தாலும் வில்லங்கம்.