நடத்தைத் திட்டத்தில் கையெழுத்துப் போடும் முன்

ஆட்டிசம் உள்ள பிள்ளையின் எந்தப் பழக்கத்தை எப்படி மாற்றுவது என்று தெரபிஸ்ட் எழுதித் தரும் நடத்தைத் திட்டம் கைக்கு வந்ததும் முதலில் இலக்குகளைப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இதனால் யாருக்கு நிம்மதி?’ என்று எழுதிப் பாருங்கள். கையை உதறாமல் இருக்கப் பழக்குவது, கண்ணைப் பார்த்துப் பேச வைப்பது எல்லாம் பெரும்பாலும் சுற்றியிருப்பவர்களின் நிம்மதிக்குத்தான். அந்த வரிகளை அடித்துவிடச் சொல்லலாம். தலையை மோதிக்கொள்வது, சாலைக்கு ஓடுவது, வேண்டியதைக் கேட்கத் தெரியாமல் தவிப்பது போன்றவற்றுக்குத் திட்டம் தேவை.

திடீரென்று தொடங்கிய பழக்கம் என்றால் பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் மருத்துவர் பார்த்த பிறகே மற்றது. பல்வலிக்குப் பரிசு ஸ்டிக்கர் கொடுத்துப் பயனில்லை.

அடுத்தது பதிவு. முன்னால் நடந்தது, பிள்ளை செய்தது, பின்னால் நடந்தது என்று மூன்று கட்டம் போட்டுச் சில நாள் எழுத வேண்டும். ‘கோபத்தில் கத்தினான்’ என்பது ஊகம். ‘10.20: டீச்சர் நோட்டைத் திறந்தார். மணிக்கட்டை 2 முறை கடித்தான். நோட்டை மூடினார், கடி நின்றது’ என்பதுதான் பதிவு. இதே வரிசை திரும்பத் திரும்ப வந்தால், ‘போதும்’ என்று சொல்லும் வேலையைக் கடி செய்கிறது என்று கொள்ளலாம்.

அதே வேலையைச் செய்ய ஒரு ‘இடைவேளை’ அட்டை கொடுங்கள். நோட்டைத் திறந்ததுமே, மணிக்கட்டு வாய்க்குப் போகும் முன், அட்டையை நீட்ட உதவுங்கள். நீட்டிய நொடியே நோட்டை மூடிவிடுங்கள். தொடக்கத்தில் ஒருமுறைகூடத் தவறக்கூடாது. காத்திருப்பைப் பிறகு நொடிக்கணக்கில் கூட்டலாம். அட்டை அலமாரிக்குள் போய்விடுவதும், ‘ரொம்பக் கேட்கிறான்’ என்று மறுப்பதும்தான் இதைக் கெடுக்கும். அட்டை பலிக்காத இடத்தில் கடி திரும்பி வரும். அடிக்கடி கேட்டால் பாடம் கடினம் என்று அர்த்தம்.

திட்டத்தில் வாரம் 40 மணி நேரப் பயிற்சி என்று இருந்தால், அந்தக் கணக்கு அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிரபலமானது. அதில் அந்தப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் முதலாம் வகுப்பை முடித்தார்கள் என்பதைச் சொல்பவர்கள், பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கவில்லை என்பதையும், தொடையில் அடிப்பதும் முறையின் பகுதியாக இருந்தது என்பதையும் சொல்வதில்லை. மணிக்கணக்குக்குக் காரணம் கேளுங்கள்.

இத்தகைய தெரபிஸ்ட்டுகளுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க அமைப்பான நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றிதழ் வாரியத்தின் 2022 நெறிமுறை, பெற்றோரின் சம்மதத்தோடு பொருந்தும் இடங்களில் பிள்ளையின் இசைவையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. பேசாத பிள்ளை முகத்தைத் திருப்புவதும், பொருளைத் தள்ளிவிடுவதும், கதவருகே போய் நிற்பதும் மறுப்புதான். ‘எழுந்து போனால் என்ன செய்வீர்கள்?’ என்று தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். ‘பிடித்து உட்கார வைப்போம்’ என்று பதில் வந்தால் பேனாவை மூடிவிடுங்கள்.