எம்எக்ஸ்-5 வண்டியைத் தாழ்த்தி, கெட்டியான சஸ்பென்ஷன் மாட்டுவது எப்படி: புஷ் போல்ட்டை எப்போது முறுக்குவது என்பதுதான் விஷயம்

பெரியப்பா 1998-ல் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியபோது கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்த 1996-ம் வருட மாஸ்டா எம்எக்ஸ்-5 இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டு இருக்கை, துணிக்கூரை, 1.8 லிட்டர் என்ஜின், எடை ஏறக்குறைய ஒரு டன். ஷாக் அப்சார்பர் நாலும் கம்பெனியில் போட்டதே, அதில் இரண்டு எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. போன வருடம் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும்போது அந்த 27 கொண்டை ஊசி வளைவிலும் கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் மாதிரி வண்டி சாய்ந்ததைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். பெருந்துறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், கடலைக்காய் காயப்போடும் சிமென்ட் களத்தில் வைத்து நானும் தம்பியும் செய்தோம். களம் மட்டமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. மண் தரையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

ஜாக்கி போட, நட்டு கழற்றத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன், அதனால் அதையெல்லாம் விளக்கப்போவதில்லை. ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியோடு சேர்க்கும் இரும்புக் கை, அதன் முனையில் இருக்கும் ரப்பர் வைத்த குழல்தான் புஷ்.

முதலில் என்ன வாங்குவது. என் தேர்வு 30 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங், அதோடு கோனி கம்பெனியின் மஞ்சள் நிற ஷாக். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஷாக்கையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடவே கூடாது. கெட்டியான ஸ்பிரிங் மேலே எழும்போது அதை அடக்கும் பலம் பழைய ஷாக்குக்குக் கிடையாது, வேகத்தடை தாண்டியதும் வண்டி துள்ளிக்கொண்டே போகும். இந்த வண்டியில் சக்கரம் மேலும் கீழும் போக இருக்கிற இடமே குறைவு, தாழ்த்தினால் இன்னும் குறையும், அப்புறம் வண்டி பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது மோதித் தாங்கும் தடுப்பு) மேலேயே உட்கார்ந்துவிடும். ஆகவே குட்டையான, நுரை மாதிரி அமுங்குகிற பம்ப் ஸ்டாப் அவசியம். என்னுடையது மாதிரி முதல் தலைமுறை வண்டி என்றால், 1998-க்குப் பிறகு வந்த இரண்டாம் தலைமுறையின் மேல் மவுண்ட்டை, அதாவது ஷாக்கின் மேல்முனையைப் பாடியோடு சேர்க்கும் தாங்கியை, வாங்கி மாட்டுங்கள். அது அப்படியே பொருந்தும், ஷாக் நகர இடமும் கூடுதலாகக் கிடைக்கும். செலவழித்த பணத்தில் எனக்கு அதிகப் பயன் கொடுத்தது இதுதான்.

ரேஸ் ஸ்பிரிங் மாதிரி ரொம்பக் கெட்டியாகப் போகாதீர்கள். கூரை இல்லாத வண்டியின் பாடி மூடிய காரின் பாடியைவிட அதிகமாக முறுக்கிக்கொள்ளும். ஸ்பிரிங் வாங்காத அதிர்ச்சியைப் பாடிதான் வாங்கும், முன்கண்ணாடிச் சட்டம் நடுங்குவதை ஸ்டீயரிங்கில் கை வைத்தாலே உணரலாம். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் அது வேறு கணக்கு. கோபி, சத்தி ரோட்டில் ஊருக்கு ஊர் வேகத்தடை இருக்கிறது.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பாடியை வெட்டுவது, சேஸிஸில் கை வைப்பது வேண்டவே வேண்டாம். ஆர்டர் போடுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வண்டியைத் தூக்குவதற்கு முன்னால், சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் 360 மில்லிமீட்டர், பின்னால் 364. இந்த நாலு எண்ணும் கடைசி வரை வேண்டும். அப்புறம் நீள போல்ட்டுகளுக்கெல்லாம் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். முதல் நாள் ராத்திரி அடித்தால் போதாது, மூன்று நாள் தொடர்ந்து காலையும் மாலையும் அடியுங்கள். அலைன்மென்ட்டுக்காக, அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யத் திருப்பும் கேம் போல்ட்டுகள் அசைகின்றனவா என்பதையும் பொருள் வாங்கும் முன்பே பாருங்கள். அவை இறுகிப்போயிருந்தால் புது ஸ்பிரிங் போட்டும் அலைன்மென்ட் செய்ய முடியாது.

தூக்கும்போது துணிக்கூரையைப் போட்டுப் பூட்டி, கதவுகளையும் சாத்திவிடுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து பார்த்தால் மூடும்போது உரசுவது தெரியும், பாடி அந்த அளவுக்கு வளைகிறது. முன்னால் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஜாக்கி, பின்னால் டிஃபரென்ஷியல் அடியில் ஜாக்கி, நாலு பக்கமும் ஸ்டாண்டு. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கவே கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும்.

முன்பக்கம் சுலபம். ஸ்டெபிலைசர் லிங்க்கை (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை ஆர்மோடு சேர்க்கும் இணைப்பு) கழற்றி, ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்து, பானெட்டுக்குள் இருக்கும் இரண்டு மேல் நட்டுகளை 14-ம் நம்பரில் கழற்றுங்கள். மேல் ஆர்மின் உட்பக்கம் முன்பின்னாகப் போகும் நீள போல்ட்டை உருவினால் ஆர்ம் விலகி ஷாக் வெளியே வந்துவிடும். பிரேக் ஹோஸில் எடை தொங்காமல் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்தில் டிக்கி விரிப்பைத் தூக்கினால் மேல் நட்டுகள் தெரியும். பாட்டரியும் அங்கேதான், வலது பக்கம், அதைக் கழற்றிவிட்டால் கை போக இடம் கிடைக்கும். கீழ் ஆர்மையும் சக்கரம் மாட்டும் நக்கிளையும் சேர்க்கும் நீள போல்ட் ஒன்று உண்டு, பல வண்டிகளில் சண்டித்தனம் செய்வது அதுதான். உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், திருகினால் போல்ட் சுற்றுகிற மாதிரி இருக்கும், ஆனால் ரப்பரோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எனக்கு இடது பக்கம் இப்படித்தான் மாட்டியது, ஒரு பகல் முழுக்க அதற்கே போயிற்று. கடைசியில் கிரைண்டரில் அறுத்துத்தான் எடுத்தோம். நம் ஊரில் எதுவானாலும் கோவை கணபதி, பீளமேடு லேத் பட்டறையில் கடைந்து வாங்கிவிடலாம் என்ற தைரியம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் சஸ்பென்ஷன் போல்ட்டைக் கடைந்து மாட்டாதீர்கள். ஸ்பேசர், வாஷர், புஷ் அழுத்தும் குழல் எல்லாம் தாராளமாகக் கடையலாம். போல்ட் மட்டும் கம்பெனி போல்ட்டாகவோ, தலையில் 10.9 என்று பலத்தின் தரம் பொறித்ததாகவோ, அதே அளவில் இருக்க வேண்டும்.

ஷாக்கிலிருந்து பழைய ஸ்பிரிங்கைப் பிரிக்கும்போது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும், இரண்டு கொக்கி வைத்த மலிவு கம்ப்ரெஸரை நான் நம்ப மாட்டேன். ஈரோட்டில் சுவரில் பொருத்திய பிரஸ் வைத்திருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து நாலையும் மாற்றிக்கொண்டேன். அங்கே நின்று இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். ஸ்பிரிங்கின் முனை தட்டில் உள்ள படி போன்ற வெட்டில் சரியாக முட்டி நிற்க வேண்டும். புது ஷாக்கின் நடு நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்க விடக் கூடாது, தண்டு உள்ளே சுற்றி சீல் கெடும். கருவி விஷயத்தில் என் கருத்தும் அதுதான், இம்பாக்ட் கன் வாங்கும் பணத்தில் எவ்வளவு இறுக்கம் (டார்க்) என்று காட்டும் நல்ல டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள்.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ்தான். இங்கேதான் நான் தவறு செய்தேன். சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா ஆர்ம் போல்ட்டையும் முழு டார்க்குக்கு முறுக்கிவிட்டேன். கீழே இறக்கி அளந்தால் முன்னால் 342. முப்பது குறைய வேண்டியது பதினெட்டுதான் குறைந்திருந்தது. ஸ்பிரிங் புதுசு, ஓட ஓட உட்காரும் என்று நினைத்து இரண்டு வாரம் ஓட்டினேன். இறங்கவில்லை, அதோடு சின்னச் சின்ன மேட்டிலெல்லாம் இடுப்பில் குத்தியது. தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “ஏனுங் தம்பி, வண்டிய அந்தரத்துல தொங்க உட்டுட்டே முறுக்குனீங்களா?”

விஷயம் இதுதான். ஆர்மின் முனையில் இருக்கும் புஷ்ஷில் வெளியே ஒரு இரும்புக் குழல், உள்ளே ஒரு இரும்புக் குழல், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கினால் உள் குழல் பிராக்கெட்டோடு இறுகி நின்றுவிடும், அதன் பிறகு அங்கே எதுவும் சுழலாது. ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் அந்த ரப்பர் முறுக்கிக்கொடுப்பதால்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு இயல்பு நிலை. வண்டி தரையில் நிற்கும்போது ஒவ்வொரு புஷ்ஷும் முறுக்கேறியே நிற்கும், கூடுதல் ஸ்பிரிங் மாதிரி வண்டியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும், சில மாதத்தில் ரப்பர் கிழிந்தும் போகும்.

அதனால் மாட்டும்போது எல்லா ஆர்ம் போல்ட்டையும் கையால் முறுக்குகிற அளவில் விடுங்கள். நீங்கள் கழற்றாத புஷ் போல்ட்டுகளையும் ஒரு சுற்று தளர்த்துங்கள், பழைய உயரத்தில் இறுகியவை அவை. சக்கரத்தை மாட்டி, நாலு சக்கரத்தின் கீழும் ஒரே கனமுள்ள கெட்டி மரக்கட்டை வைத்து வண்டியை இறக்குங்கள். நான் பழைய வீட்டு வாசல் நிலவுக்கட்டையை அறுத்து வைத்துக்கொண்டேன். கட்டைமேல் நின்றால் அடியில் படுத்து ரெஞ்ச் போட இடம் கிடைக்கும். ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விடாமல், மரக்கட்டையிலிருந்து உருளாதபடி மட்டும் தடுத்துவிட்டு, நாலு மூலையையும் கையால் நன்றாக அமுக்கி அமுக்கி விடுங்கள். நான் மறுபடி செய்யும்போது முன் இடது ஆர்ம் போல்ட்டைத் தளர்த்தினேன், ‘க்ரீச்’ என்று ஒரு சத்தம், கண் முன்னால் ஃபெண்டர் டயரை நோக்கி இறங்கியது. டேப் வைத்தேன், 331. அதன் பிறகு ஒவ்வொன்றாக முழு டார்க்குக்கு முறுக்குங்கள். எண்களை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள், வருடத்துக்கு வருடம் வேறுபடலாம். சக்கர நட்டுக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர்.

அடுத்தது அலைன்மென்ட். தாழ்த்தினால் கேம்பரும் (சக்கரத்தின் மேல்கீழ்ச் சாய்வு) டோவும் (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) மாறும், டோ தவறாக இருந்தால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேய்ந்துபோகும். முதலில் போன கடையில் ஆளில்லாத வண்டியை அளந்து கொடுத்தார்கள். இந்த எடைக்கு ஓட்டுநர் உட்கார்ந்தாலே அளவு மாறும், அதனால் உங்கள் எடைக்குச் சமமாக இருக்கையில் அரிசி மூட்டை வைக்கச் சொல்லுங்கள். நான் வைத்திருப்பது முன்னால் மைனஸ் 1 டிகிரி கேம்பர், பின்னால் மைனஸ் 1.5, டோ இரண்டு பக்கமும் லேசாக உள்நோக்கி. கோனியின் மேல் குமிழை முழு மென்மையிலிருந்து அரைச் சுற்று திருப்பியிருக்கிறேன், நம் ரோட்டுக்கு அது போதும்.

படித்தவர்கள் கேட்டதால் சேர்ப்பது: மாட்டிய பிறகு முன்னால் ‘டக் டக்’ என்று சத்தம் வருவதாக மூன்று பேர் சொன்னார்கள். இரண்டு பேருக்கு ஸ்டெபிலைசர் லிங்க் தளர்ந்திருந்தது, இதையும் வண்டி தரையில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். மூன்றாமவருக்கு ஸ்பிரிங் முனை தட்டின் அந்தப் படியில் உட்காரவில்லை. பாலியூரித்தேன் புஷ் போட்டால் இந்த முறுக்குப் பிரச்சினை வருமா என்று ஒருவர் கேட்டார். அது குழலைச் சுற்றிச் சுழலக்கூடியது, ரப்பர் மாதிரி முறுக்கேறாது, ஆனால் கிரீஸ் வைக்காவிட்டால் கிறீச்சிடும். ஜாக்கியால் கீழ் ஆர்மைத் தூக்கி, ஸ்டாண்டில் இருக்கும்போதே முறுக்கலாமா என்றும் கேட்டார்கள். முறுக்கலாம், எழுதி வைத்த அளவிலிருந்து முப்பது குறையும் வரை தூக்க வேண்டும், ஆனால் வண்டி லேசானது, அதற்குள் பாடி ஸ்டாண்டைவிட்டு எழுந்துவிடும். எனக்கு மரக்கட்டைதான் நிம்மதி.

ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை சரிபார்த்து, திரும்ப அளந்தேன். முன்னால் 330, பின்னால் 334.