பாலம் வந்ததும் தண்ணீர்: பழக்கத்தை ஆணியில் மாட்டுவது எப்படி?

போன சித்திரையில் எனக்குச் சிறுநீரகக் கல் வந்தது. வேலூர் வெயிலில் இதெல்லாம் அதிசயமில்லை. ஒரு நாளைக்கு மூன்று லிட்டராவது தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். செல்போனில் மணிக்கொரு அலாரம் வைத்தேன். ஐந்தாம் நாள் மீட்டிங் நடுவில் அது அலறியது. அணைத்தவன் திரும்பப் போடவேயில்லை.

நான் தினமும் பஸ்ஸில் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவன். ஆற்காடு தாண்டியதும் பாலாற்றுப் பாலம் வரும். கோடையில் கரையிலிருந்து கரைவரை மணல்தான். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தபோது தொண்டை வறண்டது. பாட்டிலை எடுத்துக் குடித்தேன். சாயங்காலம் அதே பாலத்தில் கை தானாகப் பைக்குப் போனது. அலாரம் செய்யாததை வறண்ட ஆறு செய்துவிட்டது.

அன்றிலிருந்து புதுப் பழக்கம் எதையும் நான் கடிகாரத்தில் மாட்டுவதில்லை. ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றில் மாட்டுகிறேன். அதற்கு நான் வைத்த பெயர் ஆணி. (ஆபீஸில் பிடுங்குகிற ஆணி இல்லை, வீட்டுச் சுவரில் சட்டை மாட்டுகிற ஆணி.)

முதல் படி: ஆணியைத் தேடுங்கள்

ஒரு நாள் முழுக்க, நீங்கள் யோசிக்காமலே செய்வதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பல் துலக்கியது, பால் பொங்கியதும் அடுப்பை அணைத்தது, தினசரி காலண்டரில் தாள் கிழித்தது, வண்டிக்கு ஸ்டாண்டு போட்டது, செருப்பைக் கழற்றியது. என் தாளில் இருபதுக்கு மேல் தேறியது.

பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். "காலையில்" என்பது ஆணி இல்லை. "சாப்பிட்ட பிறகு" என்பதும் கொஞ்சம் ஆடும் ஆணிதான், ஏனென்றால் சாப்பிட்டு எழுந்த பிறகு ஒரு மணி நேரம்கூட ஓடிவிடும். கண்ணில் படவேண்டும், இல்லை காதில் விழவேண்டும், இல்லை கையில் தட்டுப்படவேண்டும். எப்போது முடிந்தது என்பதும் சந்தேகமில்லாமல் தெரியவேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதையும் பாருங்கள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் சில நாளைக்கு ஒருமுறைதான் வரும். தினப் பழக்கத்துக்கு அது உதவாது. ஆனால் மொட்டைமாடித் தொட்டியை எட்டிப் பார்க்க, செடித்தொட்டிகளைக் கழுவ, அதைவிட நல்ல ஆணி கிடையாது.

இரண்டாம் படி: செயலைச் சிறிதாக்குங்கள்

காய்ச்சல் வந்த நாளிலும் செய்யக்கூடிய அளவு இருந்தால் போதும். மூன்று லிட்டர் என்பது இலக்கு. பாலத்தில் மாட்டியது அரை பாட்டில் மட்டுமே. நடைப்பயிற்சி என்றால், ஷூ மாட்டித் தெருமுனைவரை போய்த் திரும்புவது. முதல் நாளே கோட்டை அகழியைச் சுற்றி வரக் கிளம்பாதீர்கள். நான் கிளம்பினேன், ஒன்பது நாள்தான் தாங்கியது.

மூன்றாம் படி: ஒரே வரியில் எழுதுங்கள்

"இது முடிந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்" என்று எழுதவேண்டும். வெறுமனே "செய்யப்போகிறேன்" என்பவரைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்தவர் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் விளக்கி எழுதினார். என் வரி: "பஸ் பாலத்தில் ஏறியதும், உட்கார்ந்த இடத்திலேயே, அரை பாட்டில் குடிப்பேன்."

நான்காம் படி: பொருளைக் கைக்கெட்ட வையுங்கள்

பாட்டில் பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடந்தவரை பாதி நாள் தவறியது. வெளிப்பாக்கெட்டுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது.

அம்மா கதை இன்னும் சுவாரசியம். பிரஷர் மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லியிருந்தார்கள். மாத்திரை இருந்ததோ பீரோவில். தினமும் மறப்பார், நான் கேட்டால் கோபம் வரும். "இன்னாடா, டாக்டரு மாதிரி கேட்டுகினு கீற?" என்பார். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதை மட்டும் அம்மா ஒருநாளும் விடமாட்டார். மாத்திரை டப்பாவை, ஈரம் படாமல், தட்டு கவிழ்க்கும் ஸ்டாண்டுக்கு மேல் அலமாரியில் வைத்தேன். நான் கேட்பது நின்றது, அம்மாவின் கோபமும் நின்றது.

ஐந்தாம் படி: பொறுமையாக எண்ணுங்கள்

21 நாளில் பழக்கம் ஒட்டிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பவேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 84 நாள் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், செயல் தானாக வரும் நிலைக்குச் சுமார் 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள்வரை மாறியது (84 நாளைத் தாண்டியவை கணக்குப் போட்டு மதிப்பிட்டவை). இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பும் இல்லை. எனக்கு மிகவும் ஆறுதல் தந்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

எண்ணுவதற்குத் தனி ஆப் வேண்டாம். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு டிக் போட்டு, கிளிப்பில் செருகி வையுங்கள். தாள் சேரச் சேர கண்ணுக்கே தெரியும்.

ஆறாம் படி: ஆணி இல்லாத நாளுக்கு என்ன செய்வது?

ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்குப் போக உறவுக்காரர்கள் வந்து மூன்று நாள் தங்கினார்கள். நான் லீவு, பஸ்ஸும் இல்லை, பாலமும் இல்லை. தண்ணீர் மறந்தே போனது. சோம்பல் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அப்புறம்தான் புரிந்தது, அன்று ஆணியே இல்லை என்பது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதே கதைதான்.

அதனால் விடுமுறைக்கு இரண்டாவது ஆணி ஒன்று வேண்டும். நான் முதலில் பேப்பர் படிப்பதில் மாட்டிப் பார்த்தேன். பேப்பர் எப்போது முடியும் என்று எனக்கே தெரியாததால் சரிப்படவில்லை. இப்போது ஞாயிறன்று கறி வாங்கி வந்து, கேட்டைச் சாத்தி, செருப்பைக் கழற்றியதும் ஒரு சொம்பு தண்ணீர். பையை வாங்கிக்கொள்ள வரும் அம்மாவே சொம்போடு வருகிறார். "மொதல்ல குடி, அப்பறமா கறிய குடு."