லாரியைப் புரொபேனுக்கு மாற்றும் முன் இன்ஜினைப் பாருங்கள்

சமையல் கேஸ் வகையைச் சேர்ந்த புரொபேனுக்கு மாறலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் லாரியில் இருப்பது பெட்ரோல் இன்ஜினா, டீசலா? பெட்ரோல் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஸ்பார்க் பிளக் ஏற்கெனவே இருக்கிறது, அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மையைக் காட்டும் ஆக்டேன் எண்ணும் புரொபேனுக்கு 100-ஐத் தாண்டும். டீசல் என்றால் கதை வேறு. டீசல் அழுத்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும், புரொபேன் அவ்வளவு எளிதில் பற்றாது, அதனால் உள்ளே போகும் காற்றோடு கொஞ்சம் புரொபேனைக் கலந்துவிட்டு டீசலைக் கொண்டே அதைப் பற்றவைக்க வேண்டும். டீசல் ஓரளவு மிச்சமாகும், அவ்வளவுதான். ஆசைப்பட்டு புரொபேன் அளவைக் கூட்டினால், அது கண்டபடி வெடித்து இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும், அப்புறம் பிஸ்டன் போய்விடும்.

சரி, பெட்ரோல் இன்ஜின் என்றே வைத்துக்கொள்வோம். டேங்கிலிருந்து புரொபேன் திரவமாகவே கிளம்பி, ஃபில்டரையும் இன்ஜின் நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் வால்வையும் தாண்டி வேப்பரைசருக்கு வரும். அங்கே வாயுவாகும்போது நிறையச் சூட்டை உறிஞ்சும், அந்தச் சூடு ரேடியேட்டர் தண்ணீரிலிருந்து வர வேண்டும். ஒருமுறை நான் அந்தத் தண்ணீர் ஹோஸை மேலே வளைத்துக் கட்டிவிட்டேன், உள்ளே காற்று அடைத்துக்கொண்டது. பத்தே நிமிடத்தில் வேப்பரைசர் மேல் வெள்ளையாக உறைபனி, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி திணறுகிறது. கோளாறு வாயுவைக் காற்றோடு கலக்கும் மிக்ஸரில்தான் என்று நினைத்து அதைக் கழற்றி மாட்டியே அரை நாள் போனது. வேப்பரைசரை ரேடியேட்டரின் மேல்மட்டத்துக்குக் கீழே பொருத்துங்கள், காற்றை வெளியேற்றுங்கள், இன்ஜின் சூடானதும் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

டேங்கை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். வீட்டு சிலிண்டரை மாட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம், அது மேலிருந்து வாயுவைத் தருவது, வண்டி டேங்க் அடியிலிருந்து திரவத்தை எடுப்பது. புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் தரையோடு போய் பள்ளத்தில் தேங்கும், ஆகவே சர்வீஸ் குழி மேல் வண்டியை நிறுத்தி இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா பாருங்கள். கடைசியில் கேஸ் வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவர் முழுக்கச் சோதிக்காமல் ரோட்டில் இறக்க வேண்டாம்.

மைலேஜ் குறையும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிடக் கால்வாசி சக்தி கம்மி, கணக்கை அதை வைத்தே போடுங்கள். பழைய இன்ஜினாக இருந்தால் வால்வு சீட், அதாவது வால்வு மூடும்போது உட்காரும் வளையம், தேயும், கடினமான சீட் போட்டுவிடுவது நல்லது. ஆயில் மட்டும் சீக்கிரம் கறுக்காது, அதைப் பார்த்து ஏமாந்து மாற்றாமல் விட்டுவிடாதீர்கள்.