தோட்டத்துக் காயை உழவர் சந்தைக்கு நீங்களே கொண்டுபோக

எட்டு வருஷம் என் கத்திரிக்காயைக் கமிஷன் மண்டிக்குத்தான் அனுப்பினேன். சாயங்காலம் வேனில் சாக்கை ஏற்றிவிட்டால் மறுநாள் துண்டுச்சீட்டு வரும். கமிஷன், இறக்குக் கூலி, கழிவு எல்லாம் போக மீதிப் பணம். அதே காய் அன்றைக்கு மதுரையில் என்ன விலைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது தெருக்கடையில் விலை கேட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த வாரமே உழவர் சந்தை அட்டைக்கு எழுதிக் கொடுத்தேன்.

முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது. இப்போது தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. அங்கே விற்க விவசாயி அடையாள அட்டை வேண்டும். சந்தை அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கி, சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் பதிவு), அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று காட்டும் பதிவு), ஆதார், குடும்ப அட்டை, போட்டோ எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்கு முன்னால் அடங்கலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். என் அடங்கலில் நெல் என்றே இருந்தது, நிலத்தில் நின்றதோ கத்திரியும் வெண்டையும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிச் சரிசெய்ய இரண்டு வாரம் போய்விட்டது. அதிகாரிகள் தோட்டத்துக்கே வந்து பார்ப்பார்கள். சொந்த விளைச்சலை மட்டுமே விற்கலாம், வாங்கி விற்றால் அட்டை போய்விடும். நீங்கள் போக முடியாத நாளில் வீட்டில் யார் போவார்களோ, அவர்களையும் அட்டையில் சேர்க்க முடியுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

அட்டை கிடைத்துவிட்டதா? சரி, இனி எல்லாம் பறிப்பில்தான் இருக்கிறது.

வெண்டையின் நுனியை விரலால் மடக்கிப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்தால் முற்றல், அதை விதைக்கு விட்டுவிடுங்கள். டவுன் அக்காமார் கூடையில் கைவைத்ததும் இதைத்தான் செய்வார்கள், இரண்டு காய் வளைந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். கத்திரியைக் காம்போடு வெயில் தாழப் பறித்து, நிழலில் பரப்பிச் சூடு தணிந்த பிறகே கூடையில் அடுக்குங்கள். சூட்டோடு சாக்கில் திணித்தால் விடிவதற்குள் நிறம் மங்கிவிடும். வெண்டையில் தண்ணீர் தெளிக்கவே கூடாது, கறுத்துப்போகும். கீரையும் கொத்தமல்லியும் அப்படியில்லை. கடைசியாகப் பறித்து, வாழைநாரால் கட்டி, ஈரச் சாக்கைப் போர்த்திக் கொண்டுபோக வேண்டும்.

முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். சந்தைக்குப் போகும் விளைபொருளுக்குப் பல தடங்களில் லக்கேஜ் கட்டணம் கிடையாது, அட்டையைக் கையில் வைத்திருங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. என்னைப் போன்றவர்கள் வாரம் நாலு நாள் போய்வர முடிவது இதனால்தான்.

கடைக்கு வாடகை இல்லை, தராசும் அங்கேயே தருவார்கள். விலையை நீங்கள் வைக்க முடியாது. காலையிலேயே மொத்த மார்க்கெட் விலையை விசாரித்து, அதைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடவும், சில்லறைக் கடையைவிட 15 சதவீதம் குறையவும் வருகிற மாதிரி அதிகாரிகள் நிர்ணயித்துப் பலகையில் எழுதுவார்கள். அந்தப் பலகையைத் தினமும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷ நோட்டைப் புரட்டினாலே எந்த மாதம் எந்தக் காய் ஏறும் என்று தெரிந்துவிடும். நான் இப்போது கத்திரியை ஒரே நாளில் நடுவதில்லை, மூன்று வாரம் இடைவெளி விட்டு இரண்டு பாத்தியாக நடுகிறேன்.

எல்லாவற்றையும் அங்கே ஏற்றிவிடவும் வேண்டாம். விளைச்சல் கொட்டும் நாளில் 200 கிலோவை ஒரு கடையில் உட்கார்ந்து விற்க முடியாது. நல்ல காயில் 50 கிலோவைச் சந்தைக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியை மண்டிக்கு அனுப்பிவிடுவேன். அன்றைய பலகை விலை தெரியும் என்பதால் மண்டிக்காரரிடம் இப்போது நானே விலை பேசுகிறேன்.

அப்புறம், கேட்கிறவர்களின் பேச்சைக் கவனியுங்கள். "பிரண்டை கிடைக்குமாக்கா?" என்று ஒரே வாரத்தில் மூன்று பேர் கேட்டார்கள். எங்கள் வேலியில் அது சும்மா படர்ந்து கிடந்தது. மறுநாள் பத்துக் கட்டு கொண்டுபோனேன், எட்டு மணிக்குள் தீர்ந்துவிட்டது.