ஒன்றரை வயதுக்குப் பரீட்சை வைக்காதீர்கள்

வீட்டு மாடியில் சின்னதாக ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். எல்லாம் ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைகள். மாலையில் அழைத்துப்போக வருகிற பெற்றோர் பத்து நிமிஷம் தரையில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டுவார்கள். அதைப் பார்த்தால் என் பழைய கூத்துதான் நினைவுக்கு வரும். காசு, பட்டாணி கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு, விளையாட்டுக் காட்டும்போது நாம் செய்கிற மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

கேள்வி கேட்டே விளையாட்டைக் கெடுப்பது

என் மகளுக்கு அப்போது பதினாறு மாதம். சமையலறைத் தரையில் ஒரு எவர்சில்வர் தூக்கு, ஏழெட்டு எலுமிச்சம்பழம். ஒவ்வொன்றாக உள்ளே போடுவாள். 'டங்' என்று சத்தம் வரும். எட்டிப் பார்ப்பாள், கவிழ்ப்பாள், உருண்டு ஓடுவதைத் துரத்திப் பிடித்து மறுபடி போடுவாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இது என்ன பழம்? என்ன கலர்? எத்தனை இருக்கு, சொல்லு பாப்போம்?" மூன்றாவது கேள்விக்கு எழுந்து போய்விட்டாள். "இவளுக்கு எதிலுமே கவனம் நிக்கல அத்தை" என்று மாமியாரிடம் குறை வேறு சொன்னேன். கலைத்தது யார்?

அந்தத் தூக்குக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. பிடித்ததைச் சரியான இடத்தில் விடுவது அந்த வயதுக் கைக்குப் பெரிய வேலை. கண்ணுக்கு மறைந்த பழம் உள்ளேதான் இருக்கிறது என்பது ஒரு கண்டுபிடிப்பு. உள்ளே, வெளியே, காலி, நிறைய என்று பேச்சுக்கு வேண்டிய சரக்கும் அங்கேயே சேர்கிறது. நிறத்தின் பெயரைத் தப்பில்லாமல் சொல்லப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று வயது ஆகிவிடும். நான் பதினாறு மாதத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்!

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாதது வேறு. முன்பெல்லாம் கையில் கிடைத்ததை என்னிடம் கொண்டுவந்து நீட்டி என் முகத்தைப் பார்ப்பாள். பிள்ளை ஒன்றைக் காட்டிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறதே, பேச்சு அங்கேதான் வேர் பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் பதிலுக்கு ஒரு கேள்வி வைத்தேன். சில வாரங்களில் என்னிடம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டு அத்தையிடம் போக ஆரம்பித்தாள். அவர் காய் நறுக்கிக்கொண்டே "அடடே, உள்ள போச்சா!" என்பார். அவ்வளவுதான். 'போச்சு' என்று அவள் முதன்முதலில் சொன்னதும் அவரிடம்தான்.

சரி, என்னதான் செய்வது? பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்க்கும்போது, அது செய்வதையே ஒரு சின்ன வாக்கியத்தில் சொல்லுங்கள்: "டம்ளர் விழுந்துடுச்சு." பார்க்காவிட்டால் வாயைத் திறக்காதீர்கள். கையைப் பிடித்து "பெருசு கீழே, சின்னது மேலே" என்று அடுக்க வைப்பதும் இதே தப்புதான். ஒன்றரை வயதில் மூன்று நான்கு கட்டை அடுக்கினாலே போதும், அப்புறம் தட்டிவிடுவதில்தான் அதற்கு ருசி.

சும்மா இருக்க முடியாதவர்களுக்குப் பருப்புக் கடைகிற விளையாட்டு இருக்கிறது. உள்ளங்கையில் கடைந்து, விரல்களுக்குப் பங்கு வைத்து, நண்டூறுது நரியூறுது என்று கையில் ஏறுங்கள். அக்குளுக்குச் சற்று முன்னால் நிறுத்திக் காத்திருங்கள். பிள்ளை தோளைக் குறுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே மறுபடி கையை நீட்டும். நீ ஒன்று, நான் ஒன்று என்று பேச்சில் முறை மாறுவதை இப்படித்தான் பழகுகிறார்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒன்றரை வயதாகியும் பிள்ளை விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினார்" என்று தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தூக்கி எறிந்தால் அதட்டுவது

எறியத்தான் செய்யும். பழைய சாக்ஸை உருட்டி ஐந்தாறு பந்து செய்து, ஒரு பிளாஸ்டிக் கூடையையும் கொடுத்துவிடுங்கள்.

உட்கார வைக்கிற வாக்கர்

வேண்டாம். நடையைப் பழக்காது, படியில் உருளும். கனடாவில் 2004-லேயே விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள். பிள்ளை தானே எழுந்து நின்று தள்ளும் நம் மர நடைவண்டி வேறு ஜாதி. அதையும் மொட்டை மாடியில் விடாதீர்கள்.

பாட்டுப் பாடும் பொம்மை

பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லையென்றால் வாங்காதீர்கள். பட்டன் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும்.

வாளித் தண்ணீர்

பிள்ளை வாளித் தண்ணீரில் விளையாடும்போது நடுவில் நீங்கள் எழ வேண்டியிருந்தால், தண்ணீரைக் கொட்டிவிட்டு எழுந்திருங்கள்.

"ஷேர் பண்ணு கண்ணா"

இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் விளையாடுவார்கள், சேர்ந்து விளையாட இன்னும் நாளாகும். அதனால் எங்களிடம் எல்லாமே இரண்டிரண்டு. ஒரே நிறம், ஒரே அளவு. அப்படியும் அவன் கையில் இருக்கிற வாளிதான் இவளுக்கு வேண்டும்.